எதை விட்டால் கேமரா சிறியதாகிறது?

கேமரா வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகளோடுதான் வருகிறார்கள். எத்தனை மெகாபிக்சல்? 4கே வருமா? நொடிக்கு எத்தனை படம் எடுக்கும்? பெரிய கேமராவுக்கு இந்தக் கேள்விகள் ஓரளவு போதும். தினமும் பையில் கிடக்க வேண்டிய சிறிய மிரர்லெஸ் கேமராவுக்குப் போதாது. ஒரு கேமராவைச் சிறியதாக்க வேண்டுமானால் அதிலிருந்து எதையாவது எடுத்துவிட்டுத்தான் ஆக வேண்டும். கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரை எடுக்கலாம், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் அமைப்பை எடுக்கலாம், பேட்டரியைக் குறைக்கலாம், வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சாரைச் சுருக்கலாம். சமீபத்தில் சில கேமராக்களில், சென்சாரின் முன்னால் திறந்து மூடும் மெக்கானிக்கல் ஷட்டரையே எடுத்துவிட்டார்கள். அதனால் யாருக்குக் கேமரா தேர்ந்தெடுக்க உதவினாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: எது இல்லாமல் உங்களால் சமாளிக்க முடியும்?

முதலில் போனது கண்ணாடி. மிரர்லெஸ் என்ற பெயரே அதனால்தான். எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே சாய்வாக ஒரு கண்ணாடி நிற்கும். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை அது மேலே திருப்பிக் கண்ணுக்கு அனுப்பும். பட்டனை அழுத்தியதும் தூக்கிக்கொண்டு வழிவிடும். அது எழுந்து விழ இடம் வேண்டும் அல்லவா? அதற்காக லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே கேனான் 44 மில்லிமீட்டரும் நிக்கான் 46.5 மில்லிமீட்டரும் விட வேண்டியிருந்தது. கண்ணாடி போனதும் அந்த இடைவெளி கேனானின் ஆர்எஃப் மவுண்டில் 20 மி.மீ. ஆனது, சோனியின் ஈ மவுண்டில் 18, நிக்கானின் இசட் மவுண்டில் 16. ஏறக்குறைய ஒன்றரை விரல் தடிமன் மிச்சம்.

2008இல் ஒலிம்பஸும் பானசோனிக்கும் சேர்ந்து, சிறிய சென்சார் கொண்ட மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் முறையை அறிவித்தன. அதே ஆண்டு பானசோனிக் ஜி1 வந்தது. 2010இல் சோனியின் நெக்ஸ் வரிசை, 2013இல் பழைய ஃபிலிம் அளவிலான முழு ஃப்ரேம் சென்சாரோடு சோனி ஏ7, 2018இல் நிக்கானும் கேனானும் முழு ஃப்ரேம் மிரர்லெஸ்ஸுக்கு வந்தன. கண்ணாடி போனதில் நமக்கு லாபமே அதிகம். சென்சார் பார்ப்பதையே நாமும் பார்க்கிறோம். படம் வெளிறிப்போகிறதா, இருண்டுபோகிறதா என்பது எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. நஷ்டம் பேட்டரி. நாம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் சென்சாரும் திரையும் விழித்திருக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து சென்சார். முழு ஃப்ரேம் என்பது 36க்கு 24 மி.மீ. இன்று பெரியது என்று சொல்லப்படும் இந்த அளவு பிறந்ததே ஒரு சின்ன கேமராவில்தான். ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஓஸ்கர் பார்னாக்குக்கு ஆஸ்துமா. கனமான தகட்டுக் கேமராவைச் சுமந்து மலையேற அவரால் முடியவில்லை. சினிமா ஃபிலிமின் இரண்டு ஃப்ரேம்களைச் சேர்த்து ஒரு படமாக்கி, பாக்கெட்டில் அடங்கும் கேமரா ஒன்றை முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு செய்து பார்த்தார். 1925இல் அது லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. கூடவே எடுத்துப் போக முடியாத கேமராவால் பயனில்லை என்ற எண்ணம் அன்றே ஒரு மனிதரின் மூச்சுத் திணறலில் இருந்து தொடங்கியிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் தனி மரியாதை வரும்.

இப்போதைய கணக்கு இப்படி. முழு ஃப்ரேமின் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். ஏபிஎஸ்-சி சென்சார் சோனி, ஃபூஜி, நிக்கானில் சுமார் 366, கேனானில் கொஞ்சம் குறைந்து 332. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 225. ஒரே அபர்ச்சரில் (லென்ஸ் திறக்கும் அளவில்), ஒரே ஷட்டர் வேகத்தில், முழு ஃப்ரேம் மொத்தமாகச் சேர்க்கும் வெளிச்சத்தில் கால் பங்குதான் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்குக் கிடைக்கும். பகலில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. இரவில், வீட்டு விளக்கில், நிழல் பகுதிகளில் குருணை குருணையாகத் தெரியும்.

இதைக் கேட்டதும் 'அப்படியென்றால் முழு ஃப்ரேமே வாங்கிவிடலாமே' என்று தோன்றும். பாடி மட்டும் பார்த்தால் சரிதான். சோனி ஏ7சி பேட்டரியோடு 509 கிராம்தான். ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள சோனி ஏ6700 493 கிராம். வெறும் 16 கிராமுக்கு யார் சின்ன சென்சார் வாங்குவார்கள்? ஆனால் யாரும் வெறும் பாடியில் படம் எடுப்பதில்லை. பையில் இடம் பிடிப்பது லென்ஸ். அதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஏ7சியோடு வரும் 28-60 மி.மீ. லென்ஸ் 167 கிராம். சின்னதுதான். ஆனால் ஜூமை முழுக்க நீட்டினால் அதன் அபர்ச்சர் எஃப் 5.6 (எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிது, வெளிச்சம் அதிகம்). ஏபிஎஸ்-சிக்கு சிக்மா 2021இல் கொண்டுவந்த 18-50 மி.மீ. லென்ஸ் சுமார் 290 கிராம். ஜூம் முழுக்க எஃப் 2.8. சென்சார் சின்னது என்பதைக் கணக்கில் எடுத்து முழு ஃப்ரேமுக்கு மாற்றினால் அது எஃப் 4.2க்குச் சமம். அதாவது ஜூமின் நீண்ட முனையில், சின்ன சென்சாரும் இந்த லென்ஸும் சேர்ந்து, பெரிய சென்சாரும், கேமராவோடு சேர்த்து விற்கும் கிட் லென்ஸும் சேர்ந்து பிடிப்பதைவிட ஒன்றே முக்கால் மடங்கு வெளிச்சம் பிடிக்கின்றன. முழு ஃப்ரேமின் பலன் முழுதாக வேண்டுமானால் அதற்கேற்ற லென்ஸ் வேண்டும். சோனியின் 24-70 எஃப் 2.8 லென்ஸின் இரண்டாம் பதிப்பு, எடை குறைக்கப்பட்ட பிறகும், 695 கிராம். அதை மாட்டினால் மொத்தம் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். அப்புறம் அது தினசரிக் கேமரா இல்லை. விசேஷத்துக்கு மட்டும் வெளியே வரும் கேமரா.

கிட் லென்ஸை நான் குறை சொல்லவில்லை. சோனியின் 16-50 மி.மீ. மின்ஜூம் லென்ஸ் 116 கிராம், கேனானின் 18-45 மி.மீ. 130 கிராம். வெயிலில், பயணத்தில், கூட்டத்தில் அவை நன்றாகவே வேலை செய்யும். சிக்கல் சாயங்காலம் தொடங்கும். ஒரு காட்சியைப் பாருங்கள். அறையில் ஒரு விளக்கு. மேசையில் குனிந்து ஒரு சிறுமி படம் வரைந்துகொண்டிருக்கிறாள். லென்ஸை 50 மி.மீ. வரை நீட்டுகிறீர்கள், அபர்ச்சர் 5.6க்கு இறங்கிவிட்டது. வெளிச்சத்தை உணரும் திறனைக் கூட்டி, ஐஎஸ்ஓ 3200 வைத்தும் கேமரா 1/15 நொடி கேட்கிறது. பென்சில் பிடித்த விரல்கள் ஒரு நொடி நிற்குமா? முகம் தெளிவாக இருக்கும், கை கரைந்துபோகும். அதே இடத்தில் எஃப் 2.8 லென்ஸ் இருந்தால் நான்கு மடங்கு வெளிச்சம், 1/60 நொடி. ஜூம் இல்லாத எஃப் 1.8 பிரைம் லென்ஸ் இருந்தால் ஏறக்குறைய பத்து மடங்கு, 1/125ஐயும் தாண்டலாம். அப்போதுதான் பென்சில் முனையும் நிற்கும், அவள் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பதும் தெரியும். சென்சாரை மாற்றினால் கிடைக்கும் லாபத்தைவிட இது மிகப் பெரியது. புதிதாக வருகிறவர்கள் பாடிக்கே எல்லாப் பணத்தையும் கொடுத்துவிட்டு லென்ஸுக்கு ஒன்றும் மிச்சம் வைக்காமல் போவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

ஜூமுக்குப் பதில் பிரைம் என்றால் எந்தக் குவிய நீளம், அதாவது எத்தனை மி.மீ.? இதற்கான விடை உங்கள் போனிலேயே இருக்கிறது. பெரும்பாலான போன்களின் முதன்மைக் கேமரா முழு ஃப்ரேம் கணக்கில் 24 முதல் 26 மி.மீ. வரை. கடைசியாக எடுத்த சில நூறு படங்களைப் புரட்டிப் பாருங்கள். பாதிக்கு மேல் இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்திருந்தால் உங்கள் கண் 50 மி.மீ. பக்கம் சாய்கிறது. பெரிதாக்காமல், நீங்களே நாலடி முன்னால் போய் எடுக்கிறவர் என்றால் 28 அல்லது 35. ஏபிஎஸ்-சியில் 35 மி.மீ. பார்வை வேண்டுமானால் 23 மி.மீ. லென்ஸ் வாங்க வேண்டும் (ஒன்றரையால் பெருக்கிப் பாருங்கள்). மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 17 (இரண்டால் பெருக்க வேண்டும்). இந்தப் பெருக்கல் கணக்கு முதலில் குழப்பும், ஒரு வாரத்தில் பழகிவிடும். பான்கேக் என்று சொல்லப்படும் தட்டை லென்ஸ்கள் இங்கேதான் கைகொடுக்கின்றன. ஃபூஜியின் 27 மி.மீ. லென்ஸ் 23 மி.மீ. தடிமன்தான், கேனானின் 28 மி.மீ. 120 கிராம், பானசோனிக்கின் 20 மி.மீ. எஃப் 1.7 2009இல் வந்தது, இன்றும் பலர் விடாமல் வைத்திருக்கிறார்கள். இவற்றில் ஒன்றை மாட்டினால்தான் 'சிறிய கேமரா' என்ற பேச்சுக்கே அர்த்தம் வரும்.

லென்ஸே மாற்ற வேண்டாம், ஒன்றே போதும் என்பவர்களுக்கு ஃபூஜி எக்ஸ்100 வரிசையும் ரிக்கோ ஜிஆர் வரிசையும் இருக்கின்றன. ஜிஆர் 3 வெறும் 257 கிராம், சட்டைப் பைக்குள் போய்விடும். ஆனால் அதில் வீடியோ ஃபுல் எச்டி வரைதான்.

வ்யூஃபைண்டர் விஷயத்துக்கு வருவோம். ஃபூஜி எக்ஸ்-எம்5 355 கிராம், சோனி இசட்வி-ஈ10 343 கிராம், நிக்கான் இசட்30 405 கிராம். மூன்றிலும் வ்யூஃபைண்டர் கிடையாது. கேனான் ஆர்50 375 கிராமுக்குள் ஒன்றை அடக்கியிருக்கிறது. கடையின் வெளிச்சத்தில் நின்று பார்க்கும்போது இது பெரிய விஷயமாகவே தோன்றாது. நானும் அப்படித்தான் ஒரு காலத்தில் வ்யூஃபைண்டர் இல்லாத பாடி ஒன்றை எடுத்தேன். முதல் உச்சிவெயிலிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. திரையில் என் முகமும் வானமும் பிரதிபலித்தன, படம் தெரியவில்லை. கையால் நிழல் கட்டிக்கொண்டு, ஒற்றைக் கையில் கேமராவைப் பிடித்து, குத்துமதிப்பாக அழுத்தினேன். இன்னொன்றும் இருக்கிறது. கேமராவை முகத்தோடு சேர்த்துப் பிடித்தால் இரண்டு கைகளோடு நெற்றியும் அதைத் தாங்கும், நடுக்கம் குறையும். கையை நீட்டிப் பிடித்தால் அந்த ஆதரவு போய்விடுகிறது. முக்கியமாக வீடியோவும் உட்புறப் படங்களும் எடுக்கிறவர் என்றால் வ்யூஃபைண்டர் இல்லாமல் தாராளமாக இருக்கலாம். வெளியே நடந்துகொண்டே புகைப்படம் எடுக்கிறவர் என்றால் அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

மேலே சொன்ன நான்கிலும் சென்சார் ஸ்டெபிலைசேஷனும் கிடையாது. அது சென்சாரைக் காந்தங்களின் நடுவே மிதக்கவிட்டு, கை ஒரு பக்கம் அசைந்தால் எதிர்ப்பக்கம் நகர்த்தும் அமைப்பு. மினோல்டா 2003இல் இதைத் தொடங்கியது. 2012இல் ஒலிம்பஸ் ஐந்து அச்சுகளுக்கும் விரித்தது. இதற்கு இடமும் மின்சாரமும் வேண்டும் என்பதால் சிறிய பாடிகளில் முதலில் வெட்டுப்படுவது இதுதான். அசையாத பொருளை இருட்டில் எடுக்க இது வரப்பிரசாதம். ஓடும் குழந்தைக்கு இது உதவாது. நம் கை அசைவைத்தான் இது நிறுத்தும், எதிரில் இருப்பவரின் அசைவை நிறுத்தாது. ஸ்டெபிலைசேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லா மங்கலும் போய்விடும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள்.

வீடியோவில் இது இல்லாதபோது கேமரா வேறு வழியில் ஈடுகட்டும். படத்தின் ஓரங்களை வெட்டி, மிச்சமுள்ள நடுப்பகுதியை நகர்த்தி நகர்த்தி நிலைப்படுத்தும். டிஜிட்டல் ஸ்டெடி என்பது இதுதான். அதற்கு நாம் கொடுக்கும் விலையை அளந்தே பார்க்கலாம். 24 மி.மீ. பார்வை தரும் லென்ஸை மாட்டி, கையை நீட்டி, கேமராவை முகத்திலிருந்து 60 செ.மீ. தள்ளிப் பிடித்தால் ஃப்ரேமுக்குள் 90 செ.மீ. அகலம் அடங்கும், இரண்டு தோள்களும், பின்னால் கொஞ்சம் இடமும் தெரியும். 1.4 மடங்கு வெட்டு விழுந்தால் அது 64 செ.மீ. ஆகிவிடும். முகமும் தோள்களும் ஃப்ரேமை அடைத்துக்கொள்ளும். எந்த இடத்தில் நின்று பேசுகிறீர்கள் என்பதே தெரியாது. சில கேமராக்கள் 4கேயில் நொடிக்கு 60 ஃப்ரேம் எடுக்கும்போது இதற்கு மேலும் வெட்டும். 'ஸ்டெபிலைசேஷன் உண்டு, 4கே 60 உண்டு' என்று இரண்டையும் தனித்தனியாக எழுதியிருப்பார்கள். இரண்டும் சேரும்போது எவ்வளவு மிஞ்சும் என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும். நடந்துகொண்டே பேசுவதுதான் உங்கள் வீடியோ என்றால், சென்சாரிலேயே ஸ்டெபிலைசேஷன் உள்ள ஓஎம் சிஸ்டம் ஓஎம்-5 (414 கிராம்), ஃபூஜி எக்ஸ்-டி50 (438 கிராம்), எக்ஸ்-எஸ்20 (491 கிராம்) போன்றவற்றைப் பாருங்கள். கூடுதலாகச் சுமக்கும் 80, 100 கிராமுக்கு இங்கே நியாயம் உண்டு. அப்போதும் காலடி வைக்கும்போது வரும் மேல்கீழ் குலுக்கல் முழுக்கப் போகாது.

வீடியோவுக்கே உரிய இன்னொரு தலைவலி ஷட்டர் வேகம். நொடிக்கு 25 ஃப்ரேம் எடுத்தால் ஷட்டர் 1/50 இருந்தால்தான் அசைவு இயல்பாகத் தெரியும் என்பது பழைய சினிமா வழக்கம். நல்ல வெயிலில், ஐஎஸ்ஓ 100இல், 1/50க்கு எஃப் 22 வரை மூட வேண்டியிருக்கும். பின்னணி கொஞ்சம் மங்கலாக வேண்டும் என்று எஃப் 2.8இல் எடுக்க நினைத்தால் 64 மடங்கு வெளிச்சம் அதிகம். அதைக் குறைக்க லென்ஸின் முன்னால் என்டி ஃபில்டர் என்ற கறுப்புக் கண்ணாடி வேண்டும். இந்தச் செலவை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சரி, ஃபில்டர் இல்லாமல் ஷட்டரை 1/3200க்கு ஏற்றினால் என்ன ஆகும்? படம் வரும், கைவீச்சும் நடையும் வெட்டி வெட்டி விழுவது போல இருக்கும். செயற்கை விளக்கின் கீழே இன்னொரு தொல்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். படத்தில் பட்டை பட்டையாக ஓடும். அங்கே 1/50 அல்லது 1/100 வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடங்களில் 1/60 அல்லது 1/120.

மெக்கானிக்கல் ஷட்டர் இல்லாத கேமராக்களில் இந்தப் பட்டைகள் புகைப்படத்திலும் வரும். 2024இல் வந்த பானசோனிக் எஸ்9, சோனி இசட்வி-ஈ10 2 இரண்டிலும் அது கிடையாது. மின்னணு ஷட்டர் சென்சாரை வரிசை வரிசையாக மேலிருந்து கீழே படிக்கிறது. முழுதும் படித்து முடிப்பதற்குள் வேகமாகப் போகும் பேருந்து சாய்ந்துபோகும், சுழலும் மின்விசிறி இறக்கைகள் வாழைப்பழம் போல வளையும். எஸ்9இல் ஃப்ளாஷும் வேலை செய்யாது. வீடியோவே முக்கியம் என்பவருக்கு இதெல்லாம் பொருட்டில்லை. ஆனால் புகைப்படத்துக்காக வாங்குகிறவர் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

ஃபோகஸ் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இன்றைய கேமராக்கள் கண்ணைக் கண்டுபிடித்துப் பின்தொடர்வதில் எல்லாமே நன்றாகத் தேறிவிட்டன. பழைய கேமராவைச் செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது மட்டும் கவனம் தேவை. சென்சாரில் ஃபேஸ் டிடெக்‌ஷன் (ஃபோகஸ் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதை நேரடியாகச் சொல்லும் முறை) இல்லாமல் படத்தின் கான்ட்ராஸ்ட்டை மட்டும் நம்பும் பாடிகள் வீடியோவில் முன்னும் பின்னுமாகத் தேடித் தேடிப் பின்னணியைத் துடிக்கவிடும். பானசோனிக்கே 2023இல் எஸ்5 2 வரும்வரை தன் மிரர்லெஸ்களில் கான்ட்ராஸ்ட் முறையில்தான் இருந்தது. நிறங்களை 8-பிட்டைவிட நுணுக்கமாகப் பதியும் 10-பிட் வீடியோவும் எல்லாருக்கும் தேவையில்லை: எடிட்டிங்கில் நிறத்தை நிறைய மாற்றுகிறவருக்கு அது அவசியம். எடுத்ததை அப்படியே அனுப்புகிறவருக்கு 8-பிட் போதும்.

கார்டையும் பேட்டரியையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. வி30 என்று அச்சிட்ட கார்டு நொடிக்கு 30 மெகாபைட்டாவது எழுதும் என்பதால் இதற்குத் தாராளம். சிறிய பாடி சீக்கிரம் சூடாகும், பேட்டரியும் சிறியது. நீண்ட பேட்டியோ கச்சேரியோ முழுதாகப் பதிவு செய்ய வேண்டுமானால் வேறு கேமரா பார்ப்பது நல்லது.

ஒரே ஒரு ஜோடியைச் சொல்லச் சொன்னால், பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது வ்யூஃபைண்டர் உள்ள ஏபிஎஸ்-சி பாடியும், 35 மி.மீ. பார்வை தரும், எஃப் 2 அல்லது அதைவிடத் திறந்த சின்ன பிரைம் லென்ஸும்தான். கிட் லென்ஸை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். நடந்துகொண்டே பேசும் வீடியோதான் பிரதானம் என்றால் மட்டும் இந்த வரிசை மாறும். அங்கே ஸ்டெபிலைசேஷன் முதல், மைக் இணைக்கும் துளை இரண்டாவது, மற்றதெல்லாம் பிறகு.

முடிவு செய்வதற்கு முன் அந்தக் கேமராவை, மாட்டப்போகும் லென்ஸோடு சேர்த்து, வாடகைக்கோ கடனாகவோ மூன்று நாள் வாங்கி வையுங்கள். எப்போதும் எடுத்துப்போகும் பையிலேயே போடுங்கள். தனிப் பை வேண்டாம். ஒரு நாள் உச்சிவெயிலில் அதை வைத்து இருபது படம் எடுங்கள். ஒரு நாள் இரவு வீட்டு விளக்கில், யாரையாவது அறையின் கோடியிலிருந்து உங்களை நோக்கி நடந்து வரச் சொல்லி ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். அதைப் பெரிய திரையில் போட்டு, கண்ணில் ஃபோகஸ் நின்றதா, சுவரில் பட்டை ஓடியதா என்று பாருங்கள். மூன்றாம் நாள் ஒன்றும் திட்டமிடாதீர்கள். அன்று அது பையிலிருந்து எத்தனை முறை வெளியே வந்தது என்பதை மட்டும் எண்ணி வையுங்கள்.